பழுது வார்ப்பவள்

கெட்ட வார்ப்பு செய்து தர முடியுமா என்று இம்மானுவேல் கேட்ட அன்று கருணாம்பிகை அவனுக்குப் பதில் சொல்லவில்லை. கையுறையை மாட்டிக்கொண்டு நேராகத் தன் லைனுக்குத் திரும்பிப் போய்விட்டாள். கோபம் வந்தால் அவள் பேசமாட்டாள், வேலை செய்வாள். சாப்பாட்டு மணி அடித்து எல்லோரும் கைகழுவப் போன பிறகும் அவள் அச்சுகளுக்கு நடுவே குனிந்து நின்றதை மொத்த ஃபவுண்டரியும் கவனித்தது.

கோபத்துக்குக் காரணம் இருந்தது. கோவைக்கு வெளியே, அரசூரைத் தாண்டியிருந்த அந்த வார்ப்பாலையில் டிப்ளமோ முடித்த கையோடு சேர்ந்தவள் அவள். அப்போதெல்லாம் வார்க்கிற நூறு பம்புக் கூடுகளில் ஏழெட்டு உடைசலுக்குப் போகும். பின்பக்கம் கரிந்த மணலும் உடைந்த உருக்கும் மலையாகக் குவிந்து கிடக்கும். மழை பெய்தால் அதிலிருந்து ஒழுகும் கறுப்புத் தண்ணீர் பக்கத்துத் தோட்டங்களில் இறங்கி, தோட்டக்காரர்கள் வாசலுக்கு வந்து சத்தம் போடுவார்கள். அந்தக் குவியலைக் கரைத்ததில் அவளுக்குப் பெரும்பங்கு உண்டு.

அங்கே வார்த்தது சாதாரணப் பம்பு இல்லை. கடல் ஏறி வந்துவிட்ட காலம் அது. கடலூரிலிருந்து வேதாரண்யம் வரை கரை நெடுகச் சுவர் எழுப்பியாகிவிட்டது. மழைக்காலத்தில் சுவருக்கு உள்ளே தேங்கும் தண்ணீரை ராட்சதப் பம்புகள் வெளியே தள்ளினால்தான் அந்த ஊர்களில் ஆள் குடியிருக்க முடியும். ஒரு பம்பின் கூட்டுக்குள் ஓர் ஆள் குனியாமல் நிற்கலாம். அத்தனை பெரிய கூட்டில் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு குழி ஒளிந்திருந்தால், அடைமழையில் பம்பு முழு மூச்சில் ஓடும்போது அந்த இடத்தில்தான் வெடிக்கும்.

தூத்துக்குடிப் பக்கத்து இம்மானுவேல் சூட்டையும் ஈரத்தையும் அளக்கும் உணரிகளோடு வந்து இறங்கியபோது அவற்றை எங்கே பதிப்பது என்று அவனோடு நின்று முடிவு செய்தவள் கருணாம்பிகைதான். மணல் தொட்டியில் ஒன்று, உலை வாயில் ஒன்று, அச்சுகளுக்குள், வார்ப்பை ஆறவைக்கும் தளத்தில் என்று நூற்றுக்கணக்கில் பதித்தார்கள். எல்லாம் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். மணலில் ஈரம் கூடினால் உலைக்குத் தெரியும். உலை சூடு குறைந்தால் அச்சுக்குத் தெரியும். கடைசியில், ஆறிய கூட்டை ஒரு சிறு சுத்தி தட்டும். அந்த ஓசையையும் மற்ற உணரிகள் சொன்னதையும் சேர்த்துப் பார்த்து, பச்சை விளக்கோ சிவப்பு விளக்கோ எரியும். அதன் நீளமான இங்கிலீஷ் பெயர் யாருக்கும் நினைவில்லை. எல்லோருக்கும் அது ‘காது’.

காது வந்த பிறகு உடைசல் ஏழிலிருந்து மூன்றானது, ஒன்றானது, பிறகு இல்லாமலே போனது. தட்டிப் பார்த்துத் தரம் சொல்லும் ஆட்கள் வேறு வேலைகளுக்கு மாற்றப்பட்டார்கள். குவியல் இருந்த இடத்தில் முதலாளி தாமோதரன் வேப்பங்கன்றுகள் நட்டார். கழிவு குறைந்த ஆலைகளுக்கு அரசாங்கம் மாதாமாதம் வெளியிடும் தரவரிசையில் அந்த வார்ப்பாலை முதலிடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. கருணாம்பிகையின் லைனில் ஒன்றரை வருடமாக ஒரு கூடுகூடத் திரும்பவில்லை. அப்படிப்பட்டவளிடம் போய்க் கெட்டது செய் என்றால்?

மறுநாள் காலை டீக்கடையில் இம்மானுவேல் அவள் பக்கத்தில் வந்து நின்றான். நேற்று பாதியில் விட்டதை முடிக்க வந்திருக்கிறான் என்று தெரிந்தது.

“அக்கா, காது செவிடாயிட்டு வருது,” என்றான்.

அவள் டம்ளரை ஊதிக்கொண்டே அவனைப் பார்த்தாள்.

“மணல் மாறுது, உருக்கு மாறுது, வெயில் காலம் ஒரு மாதிரி, மழைக்காலம் ஒரு மாதிரி. அதனால காது தெனமும் புதுசாப் படிச்சிக்கிட்டே இருக்கணும். அப்படித்தான் செஞ்சு வச்சிருக்கோம். ஆனா ஒன்றரை வருசமா அது நல்லதை மட்டும்தான் கேக்கு. கெட்டதோட ஓசையே அதுக்கு மறந்துட்டு. வர்றதெல்லாம் நல்லதுதான்னு முடிவு கட்டிட்டு.”

கணினியிலேயே பொய்ப் பழுதுகளை உருவாக்கிக் கொடுத்துப் பார்த்தாயா என்று கேட்டாள். பார்த்தேன் என்றான்; அந்தப் பொய்யைத்தான் நன்றாகப் பிடிக்கிறது, அதனால் பயனில்லை. வெளியிலிருந்து பழைய உடைசல் வாங்கலாமே என்றாள். எங்கே இருக்கிறது? உடைசலை எல்லோரும் அன்றன்றைக்கே உருக்கிவிடுகிறார்கள். இருப்பதாக ஒத்துக்கொள்ளவும் எவனும் தயாராயில்லை. எல்லா ஆலையிலும் உடைசல் சைபர்தான்.

“நெசமான உருக்கு, நெசமான அச்சுக்குள்ள, நெசமாக் கெடணும் அக்கா. ஒவ்வொரு பழுதும் ஏன் வருதுன்னு உங்களுக்குத் தெரியும். அதை வராம ஆக்குனதே நீங்கதான். அதான் உங்ககிட்ட வந்தேன்.”

அவள் நம்பவில்லை. தான் நட்டு வளர்த்த ஒன்றைப் பற்றி யாராவது குறை சொன்னால் எந்த அம்மா நம்புவாள்? ஆனால் வேலையில் அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. நம்பாததைச் சோதித்துப் பார்ப்பாள்.

உருக்கு ஆறும்போது சுருங்கும். சுருங்கும் இடத்துக்கு மேலிருந்து இறங்கிக் கொடுக்க, அச்சின் தலையில் கொஞ்சம் கூடுதல் உருக்கு நிற்க வேண்டும். அதற்கான தொட்டியை ரைசர் என்பார்கள். அந்த வாரம் ஓர் அச்சில் மட்டும் கருணாம்பிகை ரைசரின் கழுத்தைச் சற்று ஒடுக்கி வைத்தாள். யாரிடமும் சொல்லவில்லை, இம்மானுவேலிடம்கூட. உள்ளே கூட்டின் தடித்த தோள்பட்டையில் குழி விழும் என்பது அவளுக்கு நிச்சயம்.

கூடு ஆறியது. மணல் உதிர்ந்தது. சுத்தி தட்டியது. பச்சை விளக்கு எரிந்தது.

அவள் லைனை நிறுத்தினாள். அவள் லைனை நிறுத்தியதே இல்லை என்பதால் அக்கம்பக்கத்து ஆட்கள் வந்து கூடிவிட்டார்கள். அந்தக் கூட்டை அறுக்கச் சொன்னாள். நல்ல கூட்டை எதற்கு அறுக்க வேண்டும் என்று கேட்டவர்கள் முன்னால் தோள்பட்டையில் சாக்கட்டியால் கோடு போட்டாள். ரம்பம் தோள்பட்டையைக் கடந்தபோது, உள்ளே ஒரு கோழிமுட்டை வைக்கிற அளவுக்குக் கரடுமுரடான ஒரு குகை திறந்தது. அதற்குள் விரலை விட்டுப் பார்த்தாள். இந்தக் கூடு நாகப்பட்டினத்துப் பம்புக்குப் போயிருக்கும் என்று நினைத்தாள். அந்தத் துண்டைக் கையோடு எடுத்துக்கொண்டு மாடியேறி முதலாளி அறைக்குப் போனாள்.

தாமோதரன் கெட்ட மனிதர் இல்லை. அப்பா காலத்தில் நொடித்துப்போன தொழிலைத் தலைகீழாக நின்று மீட்டவர். துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தன் சங்கடத்தைச் சொன்னார். தரவரிசையில் முதலிடத்தில் இருப்பவனுக்குத்தான், சுவரையும் பம்புகளையும் பார்த்துக்கொள்ளும் கடல் வாரியம் முதலில் வேலை கொடுக்கிறது. வேண்டுமென்றே செய்த பழுதுக்குச் சட்டத்தில் தனிக்கணக்கு இல்லை, கழிவென்றால் கழிவுதான். இடம் இறங்கினால் எல்லோருக்கும் வருகிற ஊக்கத்தொகையும் நிற்கும். இருநூறு குடும்பத்துக்கு யார் பதில் சொல்வது?

“ஏனுங்ணா,” என்றாள் கருணாம்பிகை, “நமக்குச் சைபர் வேணுமா, பம்பு வேணுமாங்?”

அவர் சன்னல் வழியாக வேப்பங்கன்றுகளைப் பார்த்தார். பின்கட்டில் சும்மா கிடக்கும் சின்ன உலையை எடுத்துக்கொள்ளச் சொன்னார். லைனை வேறு ஆளிடம் கொடுத்துவிட வேண்டியிருக்கும் என்று தரையைப் பார்த்தபடி சொன்னார்.

லைனை ஒப்படைத்த அன்றுதான் அவளுக்கு வலித்தது. பின்கட்டுக்குப் போனவள் ஏதோ தப்புச் செய்து மாட்டிக்கொண்டவள் என்றுதான் புதிதாகச் சேர்ந்தவர்கள் நினைத்தார்கள். அடுத்த மாதம் தரவரிசையில் ஆலை பதினோராம் இடத்துக்கு இறங்கியது. ஊக்கத்தொகை நின்றது. பெரிய உலைக்குப் பொறுப்பாளரான ரஹ்மத்துல்லா, அவள் சேர்ந்த நாள் முதல் ‘தங்கச்சி’ என்று கூப்பிட்டவர், எதிரே வந்தால் பாதையை மாற்றிக்கொண்டு போனார். அன்னூரில் ஒரு கல்யாண வீட்டில், கருணாம்பிகைக்கு இப்போது ஸ்கிராப் போடுகிற வேலையாமே என்று ஒரு பெரியம்மா எல்லோர் காதிலும் விழும்படி விசாரித்தாள். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவன் சென்னியப்பன், “ஆமாங்க, போட்டிக்கு ஆளே இல்ல,” என்று சொல்லிவிட்டுப் பாயசத்தை உறிஞ்சினான். வீட்டுக்குத் திரும்பும்போது அவன் வண்டியை மெதுவாக ஓட்டினான்.

ஆனால் வேலை அவளை விடவில்லை. முதல் பழுதுகளைக் காது ஒரே நாளில் கற்றுக்கொண்டது. ஒடுங்கிய ரைசரை மறுமுறை வைத்தபோது சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்தது. அவள் இன்னும் நுட்பமாகப் போக வேண்டியிருந்தது. மணலில் ஒரு கைப்பிடி ஈரம் கூட்டினால் காற்றுக்குமிழ் எங்கே போய்த் தங்கும்? குழியைத் தோள்பட்டையிலிருந்து இடுப்புக்கு நகர்த்த முடியுமா? இரண்டு குழி வேண்டாம், ஒன்று போதும். முட்டை அளவு வேண்டாம், புளியங்கொட்டை அளவு போதும். நல்லது வார்ப்பதற்கு வழி ஒன்றுதான். கெட்டதற்கு ஆயிரம் வழி. அந்த ஆயிரத்தில் நினைத்த ஒன்றை மட்டும், நினைத்த இடத்தில், நினைத்த அளவில் வரவழைப்பது, இருபது வருடம் நல்லது செய்தபோதுகூட அவளிடம் கேட்கப்படாத வேலை. வரைபடத்தில் புள்ளி வைத்து, வார்த்து, அறுத்துப் பார்த்து, அந்தப் புள்ளியிலேயே குழியைக் கண்டபோது அவள் தனியாக நின்று சிரித்தாள். காது அதைத் தவறவிட்டால் அவள் ஜெயித்தாள். பிடித்துவிட்டால் இன்னும் பெரிதாக ஜெயித்தாள்.

ஒரு பழுது மட்டும் அவளுக்கு வசப்படவில்லை. இரண்டு பக்கமிருந்து ஓடிவரும் உருக்கு, சூடு கொஞ்சம் குறைந்தால், சந்திக்கும் இடத்தில் ஒட்டாமல் நின்றுவிடும். மேலே பார்த்தால் தெரியாது. சூட்டை ஒரு மயிரிழை குறைக்க வேண்டும். கூடக் குறைந்தால் கூடு முழுதாக நிறையாது. திரும்பத் திரும்பத் தோற்றாள். ஒரு நாள் மதியம் பின்கட்டு வாசலில் ரஹ்மத்துல்லா வந்து நின்றார். அறுபட்டுக் கிடந்த துண்டுகளை எடுத்துப் பார்த்தார்.

“இதெல்லாம் நீயா வரவச்சது?” என்றார்.

“ஆமாங்ணா.”

துண்டைக் கீழே வைத்தார். “குளிர் உருக்கு உன்னால ஆகாது தங்கச்சி. அது உலைக்காரன் கெடுக்கோணும். தள்ளு.”

அன்று முதல் தன் ஷிப்ட் முடிந்ததும் அவர் பின்கட்டுக்கு வந்தார். மூன்றாவது வார்ப்பிலேயே அந்தத் தழும்பு விழுந்தது. அறுத்த முகத்தில் தலைமுடிபோல் ஒரு கோடு. பேரப்பிள்ளையின் போட்டோவைக் காட்டுகிற மாதிரி அதை எல்லோரிடமும் காட்டிக்கொண்டு திரிந்தார்.

காதுக்குக் கேட்கும் திறன் திரும்பிவிட்டது என்று இம்மானுவேலுக்கு உறுதியான பிறகு, அவன் யாரும் செய்யச் சொல்லாத ஒன்றைச் செய்தான். ஆலையை விட்டுப் போன ஒவ்வொரு கூட்டின் ஓசையும் பதிவாகிச் சேமிப்பில் இருந்தது. அந்த ஒன்றரை வருடச் சைபர் காலத்தின் ஓசைகள் எல்லாவற்றையும் காதுக்கு மறுபடி போட்டுக் காட்டினான்.

மூன்றுக்குச் சிவப்பு விளக்கு எரிந்தது. மூன்றும் வேதாரண்யத்தில், ஒரே பம்பு நிலையத்தில் இருந்தன. மூன்றும் கருணாம்பிகையின் லைனில் வார்த்தவை.

அவன் முதலில் அவளிடம்தான் வந்தான். பதிவுகளைக் காட்டிச் சொன்னான். அவள் பக்கத்திலிருந்த மணல் பெட்டியின் விளிம்பில் உட்கார்ந்தாள். தான் கட்டிய பேர் கண்ணெதிரே சரிகிறது என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனால் அவளுக்கே ஆச்சரியமாக, மனதில் முதலில் எழுந்த கேள்வி அது இல்லை. ஐப்பசி பிறக்க எத்தனை நாள் இருக்கிறது என்று கேட்டாள். மூன்று வாரம் என்றான். அப்படியானால் போதும் என்று எழுந்தாள்.

தாமோதரனிடம் சொல்லும்போது அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தார்கள். காது தப்பாகவும் சொல்லலாம் இல்லையா என்று மட்டும் கேட்டார். சொல்லலாம் என்று இம்மானுவேல் ஒத்துக்கொண்டான். சொல்லாமல் விட்டால் இந்த மழைக்கு ஒன்றும் ஆகாமலும் போகலாம் இல்லையா என்றார். போகலாம்.

“என்ற லைன்ல வந்ததுங்ணா,” என்றாள் கருணாம்பிகை. “நானே வாரியத்துக்குப் பேசறனுங். உங்க பேரு வராமப் பாத்துக்கலாம்.”

தாமோதரன் அவளை நிமிர்ந்து பார்த்தார். “கூட்டுல அடிச்சிருக்கிறது என்ற கம்பெனி பேரு, அம்மிணி,” என்றார். போனை எடுத்து அவர்கள் முன்னாலேயே கடல் வாரியத்தின் தலைமைப் பொறியாளரைக் கூப்பிட்டார். மூன்று கூடுகள் மேல் சந்தேகம், கழற்றுங்கள், மாற்றுக் கூடு எங்கள் செலவில் வருகிறது என்றார். ஏன் சந்தேகம் என்பதையும் ஒன்று விடாமல் சொன்னார். போனை வைத்தபோது அவர் நெற்றி வியர்த்திருந்தது. ஆனால் நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தார்.

அந்த மூன்று வாரம் ஆலை தூங்கவில்லை. பழைய லைனை மறுபடி கருணாம்பிகையிடமே கொடுத்தார்கள். மூன்று புதுக் கூடுகளும் லாரி ஏறி வேதாரண்யம் போயின; அவளும் இம்மானுவேலும் கூடவே போய், அவை நிலையத்தில் உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டுப் பழையவற்றோடு திரும்பினார்கள். முற்றத்தில் வைத்து, எல்லோரும் சுற்றி நிற்க, ரம்பம் ஓடியது.

முதல் கூட்டின் வயிற்றில் ஒரு குழி. இரண்டாவதில் குளிர் உருக்கின் தழும்பு நீளமாக ஓடியிருந்தது. அதைப் பார்த்து ரஹ்மத்துல்லா தலையில் கைவைத்துக்கொண்டார். மூன்றாவதை எத்தனை துண்டாக அறுத்தாலும் உள்ளே சுத்தமான உருக்கு பளபளத்தது. ஒரு குறையும் இல்லை. ஒரு நல்ல கூடு வீணாகியிருந்தது. யாரோ முணுமுணுத்தார்கள். தாமோதரன் அந்தத் துண்டுகளைச் சுற்றி ஒருமுறை நடந்தார்.

“ரெண்டு உசுருக்கு ஒரு கூடு,” என்றார். “கொள்ளலாம்.”

ரெண்டு உயிரல்ல, ஓர் ஊரே என்று யாரும் அவரைத் திருத்தவில்லை.

ஐப்பசி மழை அந்த வருடம் விடாமல் கொட்டியது. வேதாரண்யத்தில் பம்புகள் ஓடின, தண்ணீர் கடலுக்குப் போனது, பள்ளிக்கூடங்கள்கூட ஒரு வாரத்துக்கு மேல் மூடவில்லை. நடக்காத விபத்தைப் பற்றி எந்தச் செய்தியிலும் ஒரு வரி வரவில்லை. வந்தது வேறு செய்தி. பொய்யான சைபர் காட்டியதற்காக ஆலை முன்பு பெற்றிருந்த முதலிடம் பின்தேதியிட்டு ரத்தானது. கருணாம்பிகை அதைச் சாப்பாட்டு நேரத்தில் தொலைக்காட்சியில் பார்த்தாள். பக்கத்திலிருந்தவர்கள் அவள் முகத்தைப் பார்த்தார்கள். அவள் ரசத்தை இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டாள். சைபரைச் சுமந்திருந்த காலம் முழுக்கத் தோளில் ஒரு இறுக்கம் இருந்தது என்பது, அது போன பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

தை பிறந்த பிறகு ராஜ்கோட்டிலிருந்து தாமோதரனுக்கு ஒரு போன் வந்தது. அங்கே பெரிய வார்ப்பாலை வைத்திருக்கிறவர், வருடக்கணக்காக இவரோடு போட்டி போட்டவர். சுற்றி வளைத்துப் பேசிவிட்டுக் கடைசியில் விஷயத்துக்கு வந்தார். அவர்களிடமும் சைபர்தான். அவருக்கும் இப்போது தூக்கம் வரவில்லை. அந்த அம்மா வார்க்கும் பழுதுகளில் ஒரு தொகுதி கிடைக்குமா? தாமோதரன் போனை ஸ்பீக்கரில் போட்டு, இன்னொருமுறை சொல்லச் சொன்னார். அவருக்குப் பிறகு கோலாப்பூர் கூப்பிட்டது; அதற்குப் பிறகு பெல்காம். பின்கட்டில் இன்னொரு உலை வைத்தார்கள். அதற்கு இடம் போதாமல் இரண்டு வேப்பங்கன்றுகளை வேரோடு பெயர்த்து வாசல் பக்கம் நட வேண்டியிருந்தது.

ராஜ்கோட்டுக்குப் போகும் முதல் தொகுதியைக் காலையில் கட்டினார்கள். நல்ல கூடுகள் சங்கிலியில் தொங்கி லாரியில் ‘டம்’மென்று இறங்கும். இவற்றுக்கு வைக்கோல், தக்கை, மரச்சட்டம் எல்லாம் போட்டுத் தொட்டில் மாதிரி பெட்டி செய்தார்கள். வழியில் அடிபட்டுப் புதுப் பழுது சேர்ந்துவிட்டால் பாடம் கெட்டுவிடும். உள்ளே எந்த இடத்தில், என்ன குறை, எப்படி வரவழைத்தது என்று பெட்டியிலேயே எழுதச் சொல்லி ராஜ்கோட்காரர்கள் கேட்டிருந்தார்கள். செய்தவர் யார் என்றும் கேட்டிருந்தார்கள்.

“என்ன போட அக்கா?” என்றான் இம்மானுவேல். “கம்பெனி பேரே போட்டுரவா?”

கருணாம்பிகை தூரிகையை அவன் கையிலிருந்து வாங்கினாள். பெட்டியின் மரச்சட்டத்தில், வெள்ளைப் பெயிண்டில், பெரிய எழுத்தில், செ. கருணாம்பிகை என்று எழுதினாள். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்துவிட்டு, கீழே சிறியதாக, உலை: ரஹ்மத்துல்லா என்று சேர்த்தாள். அவளைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகாமல் நின்றிருந்த சென்னியப்பன் வண்டியில் சாய்ந்தபடி வாசித்தான்.

“இத்தன வருசம் நல்லதா வார்த்தியே,” என்றான். “அதுல ஒண்ணுலயாவது உன்ற பேரு இருந்துச்சா?”

யோசித்துப் பார்த்தாள். இல்லை என்று தலையாட்டினாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது.

லாரி டிரைவர் பெட்டியைச் சுற்றி வந்து கயிற்றை இழுத்துப் பார்த்தார். நெடுந்தூரம் போகிற ஆள். ஏற்றுகிற சரக்கு என்னவென்று தெரிந்துகொள்ளாமல் கிளம்பமாட்டார் போலிருந்தது. இவ்வளவு பக்குவமாகக் கட்டியிருக்கிறீர்களே, உள்ளே என்ன சாமான் என்று கேட்டார்.

“பழுதுங்க,” என்றாள் கருணாம்பிகை. “பத்திரமாக் கொண்டு போங்க.”